தூணில் இருக்கும் உன் பெயர்

மஸ்கட்டில் இருக்கும் துரைக்கு,

இங்கே சாரல் இன்னும் விட்டபாடில்லை. கடையில் தொங்கும் துண்டுகள் எல்லாம் விற்பதற்கு முன்பே பாதி நனைந்து கிடக்கின்றன. மெயின் அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஈரத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குற்றாலத்தில் காய்ந்த துண்டு வேண்டுமென்றால் சித்திரையில்தான் வரவேண்டும் என்று அவர்களிடம் சொல்ல நினைத்து, வியாபாரம் கெடுமே என்று சும்மா இருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் நடுவில் எழுந்து போய்த்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் முன்னே பின்னே இருந்தால் கோர்த்துப் படித்துக்கொள்.

சுதந்திர தினத்தன்று உன்னால் போன் பண்ண முடியவில்லை. அவசரமென்று உன்னை பிளாண்ட்டுக்குள் அனுப்பி, போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய். அதை நான் நம்புகிறேன். ஆனால் அன்றிலிருந்து தினமும் நீ "ஸாரிம்மா, பெரியம்மா என்ன சொன்னா, கோபமா இருக்காளா" என்று கேட்பதும், நான் "எல்லாம் நல்லபடியா நடந்துச்சுப்பா" என்று மழுப்புவதுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். தொடங்கினால் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ டிக்கெட் போட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம். இதைப் பிரியாவுக்கும் படித்துக் காட்டு. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு நம் ஊர்க் கதை தெரியாது, ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நடந்ததில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பிரியாவுக்கு முதலில் தூணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக அங்கே போய்க் கும்பிட்டாளே தவிர, அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அவள் எதைப் பார்த்திருக்கப் போகிறாள். பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே நம் ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது அது. சண்டையில் இறந்துபோன நம் ஊர்க்காரர்களுக்காகக் கட்டியது. ஊரில் எல்லோரும் பட்டாளத்தூண் என்பார்கள். கறுப்புக் கல்லில் பெயர்கள், கல்லுக்கு மேலே துப்பாக்கியோடு நிற்கும் ஒரு சிமெண்ட் சிப்பாய். சுடலைமாடசாமி சிலைகள் செய்கிற ஆசாரியிடம் வேலையைக் கொடுத்ததால் சிப்பாய்க்கு உருட்டிய கண்ணும் காதுவரை மீசையும் வந்துவிட்டன. அதைப் பார்த்த வெளியூர் அதிகாரி ஒருவர் சிரித்தாராம். நம் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. காவலுக்கு நிற்கிறவனுக்கு மீசை இல்லாமல் பின்னே என்ன என்று கேட்டார்கள். இன்றைக்கும் கைக்குழந்தையோடு பஸ் ஏறுகிற பெண்கள் அதன் அடியில் ஒரு சிட்டிகை மண் எடுத்துப் பிள்ளை நெற்றியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

தூண் கட்டும்போது பெரிய சண்டை வந்தது. யார் பெயர் முதலில் என்று ஒவ்வொரு தெருவும் முறுக்கிக்கொண்டு நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் முதல் நம் காலத்தில் கொடி போர்த்திப் பெட்டியில் வந்தவர்கள் வரை எல்லாத் தெருவிலும் ஆள் உண்டு. மாவு மில் வைத்திருக்கும் சுபேதார் அண்ணாச்சிதான் அதைத் தீர்த்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஊரில் சத்தம் போட்டுப் பேசத் தேவையில்லாத ஒரே மனிதர். "முன்னால போனவன் பேரு முன்னால. பின்னால போனவன் பின்னால. கல்லுல பதவியும் கெடையாது, தெருவும் கெடையாது. வேண்டாம்ங்கிறவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்" என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நெசவுத் தெரு இபுராகிமின் பெயர் அப்படித்தான் முதல் வரியில் வந்தது. உன் பெரியப்பாவின் பெயர் கடைசி வரியில் வந்தது. அதற்குக் கீழே கல் காலியாக இருக்கிறது. அது எப்போதும் காலியாகவே இருக்கட்டும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் வேண்டிக்கொள்வேன்.

சங்கரபாண்டியன். உன் பெயர்தான் அது, உன் பெரியப்பா பெயரும். எழுதலாம், வாயால் சொல்லக்கூடாது என்று நானே எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகையால் எழுதிவிட்டேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. உன் அப்பாவை நான் கட்டிக்கொண்டு வருவதற்கு முந்தின வருஷமே அவர் எல்லையில் பனியில் போய்விட்டார். கோமதி அக்காவுக்கு, உன் பெரியம்மாவுக்கு, அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அதிலும் அவர் கூட இருந்தது ஒரு லீவு மட்டும்தான். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். "இங்கன எனக்கு வயல் கெடக்கு, வேலை கெடக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு நம் வயலில் கத்தரியும் வெண்டையும் போட்டு, கூடை கூடையாகப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போய், அங்கே ஏலக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று கத்தி, அந்த மார்க்கெட்டிலேயே பெரிய தொண்டை என்று பெயர் வாங்கியவள் அவள். டெம்போக்காரர்கள் ஹாரன் அடிப்பதைவிடக் கோமதி அக்காவை ஒரு சத்தம் போடச் சொன்னால் கூட்டம் சீக்கிரம் விலகும் என்பார்கள்.

அந்தத் தொண்டையில் வராத ஒரே சொல் அவள் புருஷன் பெயர். அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்தான், சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று பயம். ஆனால் இவள் அளவுக்கு யாரும் போனதில்லை. பஸ்ஸில் சங்கரன்கோவில் என்று டிக்கெட் கேட்க மாட்டாள், கோமதியம்மன் கோயில் என்பாள். சுந்தரபாண்டியபுரம் அவள் வாயில் சூரியகாந்தி ஊர். ஒரு ஆபீஸில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "எங்க கோயில்ல கோமதிக்குப் பக்கத்துல யாரு நிக்கா? அவுக பேரு முன்னால. மதுரைய ஆண்டவுக பேரு பின்னால. சேத்து எழுதிக்கோங்க" என்றாள். அந்த ஆள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தே விட்டார். நான் ஒருமுறை பொறுக்க மாட்டாமல் கேட்டேன்: "அவுகதான் போயிட்டாகளேக்கா, இனி எந்த ஆயுசு கொறையப் போவுது?" அவள் கத்தரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஆயுசுதாம்ட்டி போச்சு. மரியாதையுமா போகணும்?"

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நானும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். புருஷனுக்கு மூத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டுதான், ஆனால் நான் வழக்கத்துக்காகச் செய்யவில்லை. அவள் அத்தனை கவனமாகப் பொத்தி வைத்திருக்கிற ஒரு பொருளை நான் எடுத்து வீடெல்லாம் புழங்குவதா என்று கூச்சமாக இருந்தது. நீ பிறந்ததும் உன் அப்பா அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். வைத்தோம். வைத்த நாளிலிருந்து நீ எங்கள் இருவருக்கும் துரை. பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு பெயர், வீட்டில் வேறு பெயர். "ஏம்மா, என் பேரு அவ்வளவு கேவலமாவா இருக்கு" என்று ஒரு தடவை கேட்டாய். அவ்வளவு நல்ல பெயரப்பா அது, அதனால்தான்.

உன் பெரியப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்தது ஒரு நாளில்தான். நீ நடை பழகிக்கொண்டிருந்தாய். வடக்கேயிருந்து ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. சுபேதார் அண்ணாச்சியைக் கூப்பிட்டு வந்து, அவர் தமிழில் மாற்றிச் சொல்லக் கேட்டோம். குண்டு பட்டுப் பனியில் கிடந்தவர் இவர். மற்றவர்களோடு பத்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட உன் பெரியப்பா, ஆளைக் காணோமே என்று திரும்பிப் போயிருக்கிறார். போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. போகாதே என்றுதான் சொன்னார்களாம். இவரை இழுத்துக்கொண்டு வந்து, கூட்டாளிகள் கைக்கு எட்டும் தூரத்தில் தள்ளிவிட்டுத் தான் விழுந்துவிட்டார். அந்த மனிதர் "பாண்டியன், பாண்டியன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். வேறொரு பாஷைக்காரர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டபோது கோமதி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அண்ணாச்சி கேட்டார். "அன்னைக்குச் சாப்பிட்டாகளான்னு கேளுங்க அண்ணாச்சி" என்றாள். சாப்பிட்டார், என்னுடைய ரொட்டியிலும் பாதியைப் பிடுங்கித் தின்றார் என்று அவர் அழுகைக்கு நடுவே சொன்னார். அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. உள்ளே போய் இலை போட்டு, அந்த மனிதருக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பரிமாறினாள். திரும்பிப் போனவரின் கதையைச் சொல்ல ஒருவர் உயிரோடு வந்து நம் வீட்டில் சாப்பிட்டாரே, அதைவிட ஒருத்தருக்கு என்ன பெருமை வேண்டும். நீ எந்த வேலையில் இருந்தாலும், எந்தத் தேசத்தில் இருந்தாலும், உன்னோடு வந்தவன் வந்து சேர்ந்தானா என்று ஒரு முறை திரும்பிப் பார். நான் உனக்குச் சொல்ல நினைக்கும் புத்திமதி இவ்வளவுதான், மற்றதெல்லாம் நீ என்னைவிட நன்றாகத் தெரிந்தவன்.

தூண் திறந்த முதல் வருஷம் நடந்ததையும் பிரியாவுக்குச் சொல்லியாக வேண்டும், நீ சொல்லியிருக்க மாட்டாய், வெட்கப்படுவாய். நீ இரண்டாம் வகுப்பு. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாகத் தூணுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாலை போட்டுக் கும்பிட்டு முடிந்ததும் சுபேதார் அண்ணாச்சி விறைப்பாக நின்று பெயர்களைப் படித்தார். பழக்க தோஷம், படிப்பதற்குப் பதிலாகப் பட்டாளத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு நிறுத்தினார். ஊர் தலை குனிந்து நின்றது. கடைசியாக "சங்கரபாண்டியன்!" என்றார். வரிசையிலிருந்து நீ கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா!" என்று கத்தினாய். பக்கத்தில் நின்ற டீச்சர் உன் தொடையில் கிள்ளினாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு அப்படியே நின்று போயிற்று. அண்ணாச்சி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உனக்கு ஒரு சல்யூட் அடித்தார். பெரியப்பாவுக்குத்தான் அடித்தார் என்று உன் அப்பா சொல்வார், உனக்குத்தான் என்று நான் சொல்வேன்.

கோமதி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். நான் பதறிப் போய்த் தோளைப் பிடித்தால், சிரித்துக்கொண்டிருக்கிறாள். "அவுகளும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் காது கிழியக் கத்துவாகளாம்ட்டி. எங்கிட்டச் சொல்லியிருக்காக" என்றாள். அடுத்த வருஷத்திலிருந்து அதுவே நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டு ஆள் ஒருவர் முன்னால் வந்து, உரக்கப் பெயரைக் கூப்பிட வேண்டும். ஊர் மொத்தமும் சேர்ந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை தெரியாமல் செய்ததை வைத்து ஒரு ஊரே சடங்கு பண்ணுகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கப்பலேறிப் போனவர், பர்மாவில் காணாமல் போனவர், பனியில் கிடந்தவர் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை விலக்கில் வந்து நின்று ஆஜர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எந்த ஊரில் இருக்கிறது இப்படி?

நம் வீட்டுக்கு முதலில் உன் அப்பா கூப்பிட்டார். நீ கொஞ்சம் வளர்ந்ததும் உன்னிடம் விட்டார். கல்லூரியில் படித்தபோதும் சென்னையில் வேலை பார்த்தபோதும் நீ ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அப்பா இறந்த வருஷம்கூட மொட்டைத் தலையோடு வந்து நின்று கூப்பிட்டாய். நானும் சீசன் நடுவில் கடையை மூடிவிட்டுத்தான் வருவேன். கூட்டம் அலைமோதுகிற நாளில் கடையை மூடுகிற ஒரே ஆள் நீதான் என்று பக்கத்து எண்ணெய்க் கடைக்காரர் வருஷா வருஷம் என்னைத் திட்டுவார். கூப்பிட்டு முடித்ததும் உன் பெரியம்மா உன் கன்னத்தைத் தடவி, "ஏலே, தொண்டை நல்லாருக்குலே" என்பாள். அவளுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் வருஷம். உன் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு, ஊர் பதில் சொல்வதையும் கேட்டுவிட்டால் மறுபடியும் ஒரு வருஷத்துக்குத் தெம்பாகக் கூடை சுமப்பாள்.

அதனால்தான் உன் மஸ்கட் வேலை உறுதியானதும் எனக்கு முதல் கவலை இதுவாக இருந்தது. வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே அந்தப் பெயரைச் சொல்லாதவர்கள். சுபேதார் அண்ணாச்சி அவராகவே வந்து, "நான் கூப்பிடுதேன் தாயி, கவலப்படாத" என்றார். கோமதி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டாளு இருக்கும்போது வேத்தாளு கூப்பிட்டா, வீட்டுல ஒருத்தரும் இல்லன்னு அவுக நெனச்சுக்கிட மாட்டாகளா அண்ணாச்சி" என்றாள். நீதான் வழி சொன்னாய்: போன் பண்ணுகிறேன், மைக்கில் வைத்துவிடுங்கள். அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றாள். பத்து நாளாக என் போனை அவள்தான் சார்ஜ் போட்டாள்.

நடுவில் பிரியா செய்த வேலையைச் சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு மறுநாள் அவள் பின்வாசலில் நின்றுகொண்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் "சங்கர்! இங்க வா, என் செயினக் காணோம்" என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோமதி அக்கா கோபப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தால், அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்: "ஏட்டி, புருசன் பேரச் சொல்லுதியே, வாய்க்கு எப்படி இருக்கு?" பிரியா யோசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு பெரியம்மா. என்னோடதுன்னு இருக்கு. நீங்களும் சும்மா ஒரு தடவ சொல்லிப் பாருங்க" என்றாள். "போட்டி, கிறுக்கச்சி" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். குடைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக விலக்கு நிறைந்திருந்தது. கொடியேற்றி, மாலை போட்டு, பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் இபுராகிம். அவர் பேத்தி வந்து கூப்பிட்டாள், ஊர் "உள்ளேன் ஐயா" என்றது. ஒவ்வொரு வீடாக வந்துகொண்டே இருந்தது. என் கையில் போன். முந்தானைக்குள் பொத்தி வைத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். சிக்னல் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, நீ இல்லை. நானே உனக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. நம் பெயருக்கு முந்தின பெயரும் முடிந்தது. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். ஊரே பார்த்தது. மைக் வைத்திருந்த பையன் அதை என் போனுக்குப் பக்கத்தில் நீட்டினான். அதிலிருந்து தூறல் சத்தம்தான் வந்தது. வெயிலானாலும் மழையானாலும் தவறாமல் ஆஜர் கொடுத்த ஒரு மனிதரைக் கூப்பிட ஆளில்லாமல் விடப்போகிறோம் என்று பதறினேன். நான் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் அவள் நிற்கும்போது எப்படிச் சொல்ல? அண்ணாச்சி மெதுவாகக் குனிந்து, "தாயி, நான் வேணா..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க அண்ணாச்சி" என்றாள் கோமதி அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் நடந்து போய்த் தூணுக்கு நேராக நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "சொல்லாம இருந்தது மரியாதைக்குத்தாம்ட்டி. இப்பச் சொல்லாம விட்டா அதுதான் மரியாதைக் கொறச்சல்" என்றாள். பையன் மைக்கை நீட்டினான். அதை ஒதுக்கித் தள்ளினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மார்க்கெட்டில் ஏலம் கேட்கிற அதே தொண்டையில், கல்லில் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு, "சங்கரபாண்டியன்!" என்று கூப்பிட்டாள்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார்கள் துரை. அவள் வாயில் அந்தப் பெயர் வரும் என்று ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை. பெரியவர்கள் அப்படியே நின்றார்கள், பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் நின்றார்கள். விலக்கில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கின்றன. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துத் திரும்பி, "ஏலே, எல்லாவனுக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா? எம் புருசனக் கூப்பிடுதேன்லா! பதில் சொல்லுங்கலே!" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் வந்தது பார், "உள்ளேன் ஐயா" என்று, பஸ் டிரைவர் கண்டக்டர் உட்பட. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். சுபேதார் அண்ணாச்சி சல்யூட் அடித்த கையை இறக்காமலே அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு அன்றைக்கு உன் பெரியப்பா மேல் இருந்த மரியாதை, அவரைக் கட்டிக்கொண்டவள் மேலும் அதே அளவுக்கு வந்தது. பனியில் திரும்பி நடந்தவரும், ஈரத்தில் செருப்பில்லாமல் நடந்தவளும் சரியான ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு லீவு மட்டும் சேர்ந்து இருந்த ஜோடி.

ஆகவே நீ போன் பண்ணாதது தப்பில்லை. நீ பண்ணியிருந்தால் இது நடந்திருக்காது. அவளும் நானும் நடந்து வீடு திரும்பினோம். குளத்தங்கரை தாண்டியதும், "பேரு நல்லாத்தாம்ட்டி இருக்கு, என்ன?" என்றாள். ஏதோ புதிதாகக் கேள்விப்பட்ட பெயர் மாதிரி. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கோழியைப் பார்த்துச் சொல்கிறாள், அடுப்பைப் பார்த்துச் சொல்கிறாள். முந்தாநாள் பஸ்ஸில் சத்தமாகச் சுந்தரபாண்டியபுரம் என்று டிக்கெட் கேட்டதில், பழைய கண்டக்டர் ஆளை அடையாளம் தெரியாமல் ஒரு முறை திரும்பிப் பார்த்தாராம். பிரியாவிடம் சொல்லச் சொன்னாள்: வாய்க்கு நல்லாத்தான் இருக்காம்.

இனி என் விஷயம். நேற்று கடைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் மறித்துக்கொண்டு, "நான் சொல்லியாச்சு. இனி உனக்கு என்னட்டி தடை? பெத்த பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்பிடாத ஒருத்தி உலகத்துல நீதான் இருப்ப. சொல்லு பாப்போம்" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். விடவில்லை. வாயைத் திறந்தேன். முதல் எழுத்துகூட வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. உன்னைத் தூக்கி வளர்த்த காலமெல்லாம், பள்ளிக்கூட வாசலில் உன்னைத் தேடி நின்றபோதெல்லாம், ஏர்போர்ட்டில் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனபோதும் நான் கூப்பிட்டதெல்லாம் துரை, துரைதான். மற்ற அம்மாக்கள் எல்லாம் பிள்ளை பெயரைச் சொல்லித் திட்டும்போது எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும் தெரியுமா? அவள் அதைக் கேட்டுவிட்டு, "பழகுட்டி, வரும்" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

பழகிக்கொண்டிருக்கிறேன். கடையில் ஆள் இல்லாதபோது, அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். இன்றைக்குக் காலையில் முழுவதும் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ போன் பண்ணும்போது, நான் எடுத்த உடனே நீ எதையும் பேச ஆரம்பிக்காதே. கொஞ்ச நேரம் சும்மா இரு. நான் உன்னைக் கூப்பிட வேண்டும்.

உன் அம்மா